ஒத்துவராத மூன்று அளவுகள்

ஐவிக்கு நாற்பத்தாறு வயது. திருகோணமலை நகரத்துத் தனியார் கண் சிகிச்சை நிலையமொன்றில் பதினொரு வருடமாகக் கண்ணின் உட்புறத்தைப் படம் எடுத்து வந்தாள். கணவன் இறந்தபின் மகள் சுலக்ஷனாவை அந்த வேலையை நம்பித்தான் படிப்பித்தாள்.

போன வருடம் அங்கே புதுக் கருவி ஒன்று வந்தது. விழித்திரையில் ஓடும் இரத்தக் குழாய்களின் தடிப்பை அதுவே அளந்து சொல்லும். ஒரே கண்ணைத் திரும்பத் திரும்ப அளந்தால் ஒரே அளவு வருமா என்பதுதான் கேள்வி. வரும் என்று கொழும்பு மாநாட்டில் காட்ட டொக்டர் பாக்கியரத்தினத்துக்கு ஆசை. கண்வருத்தம் இல்லாத முப்பது பேரைச் சேர்த்து, கிழமைக்கு ஒருதரம் என்று மூன்று தரம் படம் எடுக்கச் சொன்னார்.

இருபத்தொன்பது பேரின் அளவுகள் ஒத்து வந்தன. இறக்கக்கண்டி ஊர் ஜவ்பருடையது வரவில்லை. மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்துகிற மனிதர். வலது கண்ணின் ஒரு இரத்த நாளம் முதல் கிழமை 131 மைக்ரோன், அடுத்த கிழமை 139, மூன்றாம் கிழமை 150.

ஐவி அவரை எழும்பவிடாமல் இன்னும் இரண்டு தரம் எடுத்தாள். 150. பிறகு 151. கருவி தடுமாறவில்லை. ஜவ்பரை வெளியே இருத்திவிட்டுப் படங்களோடு டொக்டரிடம் போனாள்.

"டொக்டர், மெஷின் பிழை எண்டா ஒரே நாளிலயும் மாறோணும். மாறேல்ல. இவற்ற கண்தான் மாறுது."

டொக்டர் படங்களைப் பார்க்கவில்லை, அட்டவணையைப் பார்த்தார். "நீங்க வடிவா ஃபோக்கஸ் பண்ணியிருக்க மாட்டீங்க ஐவி. ஒராளால முழு முடிவும் கெடும். லிஸ்டில இருந்து அவரை எடுத்து விடுங்க."

"நாளம் இப்பிடித் தடிக்கிறது நல்லதில்ல. அவருக்கு ஒருக்கா பிரஷர் பார்க்கச் சொல்லட்டா?"

"எழுத்தெல்லாம் வடிவா வாசிக்கிறார். என்னத்தச் சொல்லிப் பயப்படுத்தப் போறீங்க?"

ஐவி தன் மேசைக்குத் திரும்பி முப்பதை இருபத்தொன்பதாக்கினாள். பதினொரு வருடத்தில் அவள் டொக்டரை எதிர்த்து ஒரு கதை கதைத்ததில்லை.

"எப்படி மிஸ், கண் சரிதானே?" என்று வாசலில் ஜவ்பர் கேட்டார்.

"ஓம், எல்லாம் சரி."

சொன்ன வாய் அன்று முழுதும் கசந்தது. தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று இரண்டு தரம் இலக்கத்தைத் தேடி எடுத்தாள். கூப்பிடவில்லை.

ஆறு கிழமையில் ஜவ்பரை மனைவி சுபைதா கையில் பிடித்துக் கூட்டி வந்தாள். விடிய எழும்பும்போது வலது கண்ணில் கறுப்புத் திரை விழுந்ததாம். ஐவி படம் எடுத்தாள். அந்த நாளம் அடைபட்டு, சுற்றிலும் இரத்தம் சிதறிக் கிடந்தது. தாதி இரத்த அழுத்தம் பார்த்தாள். இருநூறைத் தாண்டி நின்றது.

கண்ணில் ஊசிகள் போட்டார்கள். பார்வை தேறவில்லை. கடைசி ஊசி நாளில், டொக்டர் தன் அறைக்குள் இருக்கும்போது, ஐவி பழைய படங்களின் பிரதிகளை ஜவ்பரின் கையில் கொடுத்து நடந்ததெல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்பவே சொல்லியிருந்தா கண் தப்பியிருக்குமா மிஸ்?"

"சரியாச் சொல்ல ஏலாது. பிரஷருக்கு மருந்தெண்டாலும் துவங்கியிருக்கலாம்."

ஜவ்பர் முறைப்பாடு எழுதினார். ஒரு மாதத்தில் நிலையத்தின் பதில் வந்தது: படம் எடுத்தவரின் கவனக்குறைவால் அளவுகள் பிழைத்திருந்தன, அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டார். அதற்கு முந்திய கிழமையே ஐவியைப் போகச் சொல்லியாயிற்று. கொழும்பில் டொக்டரின் உரைக்கு நல்ல கைதட்டலாம். அளவுகள் அப்படியே ஒத்துப்போயினவாம்.

இப்போது ஐவி பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்கு நிற்கிறாள். போன மாதம் சுபைதா கணவனுக்குக் கறுப்புக் கண்ணாடி வாங்க வந்து, அவளை அடையாளம் கண்டாள்.

"நீங்க படத்த ஒழுங்கா எடுத்திருந்தா அவர்ர கண் இருந்திருக்கும்."

"ஒழுங்காத்தான் எடுத்தனான்" என்றாள் ஐவி.

சுபைதா நிலையத்திலிருந்து வந்த அந்தக் கடிதத்தைத்தான் நம்பினாள். கண்ணாடியை வைத்துவிட்டு வேறு கடைக்குப் போனாள்.