எட்டு வேண்டாம் என்றார் முதலாளி

முதலாளி இருந்தார். என் மனைவியின் தம்பி இருந்தான். நான் இருந்தேன். நாலாவது, சுவரில் நான் மாட்டிய புது ரவுட்டர்.

இடம் புத்தலப்பட்டு, எங்கள் இன்டர்நெட் கம்பெனியின் சின்ன அறை. சித்தூர் பக்கத்து லைனுக்கு ஒரு இன்சார்ஜ் போடப்போவதாக முதலாளி சொல்லியிருந்தார். எனக்கு வரும் என்று நினைத்திருந்தேன். அலிபிரியிலிருந்து இந்த அறை வரை பைபர் இழுத்தவன் நான். மச்சான் வந்து ஒரு வருஷம். டிப்ளமோ.

லேபிள் என்பது டேட்டாவின் தலையில் ஒட்டும் எண். அதைப் பார்த்துத்தான் ரவுட்டர் அடுத்த வழிக்குத் தள்ளும். பழைய முறையில் ஒவ்வொரு ரவுட்டரும் பக்கத்து ரவுட்டரிடம், இந்த ஊருக்கு என் வழியாக அனுப்பினால் இந்த எண்ணை ஒட்டு என்று சொல்லும். வழியில் ஒவ்வொரு இடத்திலும் எண் மாறும். அது எனக்குப் புரிந்திருந்தது. மச்சான் புது முறை கொண்டுவந்தான். எல்லாவற்றுக்கும் அடி எண் பதினாறாயிரம். ஒவ்வொரு ரவுட்டருக்கும் சொந்தமாக ஒரு சின்ன எண். வழிகளைச் சொல்லும்போதே அதையும் சேர்த்து எல்லாருக்கும் சொல்லிவிடும். மற்றவை அதை அடி எண்ணோடு கூட்டிக்கொள்ளும். வடமாலபேட்டை ரவுட்டருக்கு ஏழு, எங்கே பார்த்தாலும் அதன் லேபிள் 16007. லேபிளுக்கென்று தனிப் பேச்சே இல்லை. முதலாளி அதைக் கேட்டுத் தலையாட்டினார். எனக்கு ஒருநாளும் அப்படி ஆட்டியதில்லை.

அன்று மச்சான் வடமாலபேட்டை செட்டிங்கை அப்படியே புதியதில் ஏற்றினான். பெயரை மாற்றினான், முகவரியை மாற்றினான். அடுத்த எண் எட்டு. முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை. அது சனியின் எண், தன் வண்டிக்கே எட்டு வாங்கவில்லை என்றார். வேறு யோசிக்கலாம் என்று இருவரும் டீக்குப் போனார்கள். வந்ததும் மச்சான் லைனைத் திறந்துவிட்டான். ஏழு அப்படியே இருந்தது.

போன்மேல் போன். புத்தலப்பட்டில் யாருக்கும் நெட் இல்லை. இரண்டு ரவுட்டர் ஒரே எண்ணைச் சொன்னதால், மற்றவை ஒன்றைத்தான் ஏற்றன. இங்கே வரவேண்டியது வடமாலபேட்டையில் போய் நின்றது. இது பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது மச்சான் முகம் வேர்த்தது மட்டும். எனக்கு வயிறு குளிர்ந்தது.

“பைபர் சரியா கீதா மாமா?” என்றான்.

“என் பைபருக்கு இன்னா? உன் பொட்டியப் பாரு.”

பார்த்தான். தானே கண்டுபிடித்தான். ஏழை மாற்றாமல் விட்டுவிட்டதாக முதலாளியிடம் சொன்னான். திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவர் சிரித்தார். எட்டை வேண்டாம் என்றது தான்தானே என்று தெலுங்கில் சொன்னார். ஒன்பது போடச் சொன்னார். நெட் வந்தது. அவன் தோளில் கை வைத்து, இனி சித்தூர் பக்கத்து லைனை நீயே பார்த்துக்கொள் என்றார். தப்பு செய்தவனுக்கு.

வீட்டில் என் மனைவி தம்பிக்காகக் கேசரி கிண்டினாள். நான் தொடவில்லை.

மறுநாள் ரவுட்டர்மேல் ஒட்ட ஸ்டிக்கர் எழுதச் சொன்னான்.

“உன் கையெழுத்துதான் மாமா நல்லாக்கீது.”

மார்க்கரை எடுத்து எழுதினேன்.

16009.