கடலுக்கு முதுகு காட்டி

காலை பதினொன்று பத்துக்குக் கடல் தெரிந்தது. மகாபலிபுரத்தில் மாறி ஏறிய பஸ் வடக்கே ஓடிக்கொண்டிருந்தது. சவுக்குத் தோப்பு ஓரிடத்தில் அறுபட்டு, அந்த இடைவெளியில் நீலமாக ஒரு கோடு வந்து போனது. அக்கா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். அவளுக்கு இருபத்தொன்பது வயது. அதுவரை அவள் பார்த்ததில் பெரிய தண்ணீர் உத்திரமேரூர் ஏரிதான்.

"நைனா, அக்கரையே காணோம்."

"அக்கரைல உனக்கு இன்னா வேல? பெருநகர்காரன் இக்கரைலதான் கீறான்," என்றார் அப்பா. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெருநகர் என்ற ஊரிலிருந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு முன் நாலு இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் பதில் சொல்லி அனுப்பவில்லை. திருவிடந்தைப் பெருமாள் கோவிலில் மாலை வாங்கிப் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று சுற்றி, அந்த மாலையை வீட்டில் மாட்டி வைத்தால் கல்யாணம் கூடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கல்யாணம் ஆனதும் காய்ந்த மாலையோடு ஜோடியாகத் திரும்பி வர வேண்டும்.

அப்பா பட்டுத்தறி நெய்தார். புடவையின் கரை நெய்ய, எதிர்ப்பக்கம் உட்கார்ந்து ஊடுநூல் நாடாவைத் தள்ளுவது அக்கா. ஒருவர் இல்லாமல் இன்னொருவர் நெய்ய முடியாது. தறிக்கு அமாவாசை அன்றுதான் லீவு. அந்தத் தை அமாவாசையை விட்டால் இன்னும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். முழங்கால் வலியால் அம்மா வரவில்லை. மூன்று பேராகப் போகக்கூடாது என்று ஒரு கூழாங்கல்லை நாலாவது ஆளாக என் பையில் போட்டு அனுப்பினாள்.

பன்னிரண்டுக்கு நடை சாத்திவிடுவார்கள் என்று கண்டக்டர் சொல்லியிருந்தார். முறைப்படி கடலில் குளித்துவிட்டுத்தான் சாமி பார்க்க வேண்டும். செங்கல்பட்டில் பஸ் ஒரு மணி நேரம் தாமதம். அதனால் குளியலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு நேராக வரிசையில் நின்றோம். பட்டர் நாங்கள் வாங்கிப் போன இரண்டு மாலையில் ஒன்றைச் சாமிக்குச் சாற்றி, மற்றதை அக்காவிடம் கொடுத்தபோது பதினொன்று ஐம்பது. மஞ்சள் சாமந்தி, இடையிடையே துளசி.

பிராகாரத்தில் அவளைப் போல முப்பது பேராவது மாலையோடு சுற்றினார்கள். ஆண்களும் இருந்தார்கள். வேட்டி தடுக்கிய ஒருவரை அவருடைய தங்கை, "மெதுவா போண்ணா, பொண்ணு எங்கயும் ஓடிட மாட்டா," என்று கேலி செய்துகொண்டே பின்னால் நடந்தாள். நான் நோட்டில் சுற்றுக்கு ஒரு கோடு போட்டேன். காவல்காரர் சாவியை ஆட்டிக்கொண்டு வந்து நின்றபோது ஏழு கோடு. கடைசி இரண்டு சுற்றும் அக்கா நடந்தாள் என்று சொல்ல முடியாது. ஒன்பதாவது கோடு பன்னிரண்டு பதினாலுக்கு விழுந்தது.

வாசலில் பூ விற்ற அம்மாள், "வூட்டு வாசப்படி மிதிக்கிற வரைக்கும் மாலையக் கயட்டாத கண்ணு," என்றாள். அக்கா அதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

சுடு மணலில் கால் மாற்றி மாற்றிக் கடலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்று பத்து. நாங்கள் செய்யாற்றில் குளித்துப் பழகியவர்கள். ஆற்றில் இறங்கினால் சூரியனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் முங்குவோம். அப்போது சூரியன் மேற்கே சரிந்திருந்தது. அப்பாவும் அக்காவும் இடுப்பளவு தண்ணீரில் கரையைப் பார்த்துத் திரும்பி, கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார்கள். கரையில் பையோடு நின்ற எனக்கு, அவர்கள் தலைக்கு மேல் அலை எழுவது தெரிந்தது. கத்தினேன். காதில் விழவில்லை.

அலை இருவரையும் உருட்டி மணலில் போட்டது. அக்கா எழுந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். மாலை இல்லை.

கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "எந்த ஊரு?"

"உத்திரமேரூர் பக்கம்," என்றேன்.

"அதானே பாத்தேன். கடலுக்கு முதுகக் காட்டினு நின்னா சும்மா வுடுமா அது? பேஜாராவாதீங்க. இந்த மாசம் தண்ணி தெக்க இழுக்கும். அப்டியே கரையோட போங்க, தள்ளிடும்."

அக்கா ஓடத் தொடங்கினாள். பன்னிரண்டு வருடம் தறி ஓரம் உட்கார்ந்திருந்தவள் இப்படி ஓடி நான் பார்த்ததில்லை. ஈரப்புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, அப்பாவையும் என்னையும் பின்னால் விட்டுவிட்டுப் போனாள். கொஞ்ச தூரத்தில் மஞ்சளாக ஒன்று நுரையில் ஏறி இறங்கியது. "அதோ கீது, அதோ கீது," என்று அப்பா மூச்சிரைக்கக் கைகாட்டினார். ஓர் அலை அதைக் கரைக்குத் தள்ளியது. அடுத்தது உள்ளே இழுத்தது. மூன்றாவதற்கு அக்கா காத்திருக்கவில்லை. கடலைப் பார்த்தபடியே இறங்கி, இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்தாள்.

நார் அறுந்திருந்தது. துளசி ஒரு இலைகூட இல்லை.

"சாயங்காலம் நட தொறப்பாங்க," என்றார் அப்பா. "வேற மாலை வாங்கி இன்னொரு தபா சுத்திட்டுப் போயிடலாம்மா."

"ஒம்போது சுத்தும் இத்தோடதான் சுத்தினேன் நைனா. இதான் வூட்டுக்கு வரும்."

"ஞாயித்துக்கெயம வர்றவங்க கேட்டா?"

"கடல்ல குளிச்ச மாலன்னு சொல்லு."

அப்பா சிரித்துவிட்டார். அக்கா அறுந்த முனைகளைத் தறியில் அறுந்த இழையைப் பிணைப்பது போல ஒரு முடிச்சில் சேர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். செங்கல்பட்டு பஸ்ஸில் அவள் தூங்கிப் போன பிறகு எண்ணிப் பார்த்தேன். நாரில் பதினேழு சாமந்தி இருந்தது.