அம்மாவின் தோள் வழக்கு

மலைப்பாதையில் வளைவுகளுக்கா பஞ்சம்? அதில் ஒன்றில், கடைச்சாமான் ஏற்றி வந்த லொறி, ஓரமாக நடந்துபோன அம்மாவைத் தட்டிவிட்டுத் தேயிலைச் செடிகளுக்குள் மூக்கை நுழைத்து நின்றது. செடிக்கு ஒன்றுமில்லை. லொறிக்கும் ஒன்றுமில்லை. அம்மாவின் வலது தோள்தான் உடைந்தது.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள், பிறகு அவிழ்த்தார்கள். எலும்பு கூடிவிட்டது. கை மட்டும் காதுக்கு மேலே எழ மறுத்தது. முதுகில் கூடை தொங்க, பறித்த கொழுந்தைத் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசுகிறவள் அம்மா. அந்த வீச்சு போய்விட்டது. அந்தத் தோளோடு மறுபடி மலையேறுவதா, நஷ்டஈடு வாங்கிக்கொண்டு வீட்டில் இருப்பதா? எங்கள் வீடு முழுக்க அந்த ஒரு கேள்விதான்.

ஹட்டனில் ஒரு வக்கீல் வழக்கை எடுத்துக்கொண்டார். இன்சூரன்ஸ் உள்ள லொறி இடித்தால் நஷ்டஈடு கேட்பது பிச்சை அல்ல, உரிமை என்றார். அந்தச் சொல்லை அப்பா வழிநெடுக வெற்றிலைபோல மென்றுகொண்டே வந்தார்.

இன்சூரன்ஸ்காரர்களின் டொக்டர் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றார்கள். நான் வேலைசெய்த தேயிலைத் தொழிற்சாலையில் லீவு கேட்டுக்கொண்டு நான் துணைக்குப் போனேன். டொக்டர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே கேட்டார்:

"என்னம்மா, சுகமா இருக்கீங்களா?"

அம்மா இடது கையால் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். "நல்லா இருக்கேங்க சாமி. ஒங்க புண்ணியத்துல ஒரு கொறையும் இல்லைங்க."

அவர் கையைத் தூக்கிப் பார்த்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகைத்தாள். அவர் எழுதிக்கொண்டார்.

வெளியே காத்திருந்த அப்பா தலையில் கைவைத்தார். "நோவைச் சொல்லத்தானேடி போன?"

"மொத மொதல்ல பாக்குற பெரிய மனுசர்கிட்ட, வந்ததும் வராததுமா நோவுன்னு பாடுவாங்களா? நல்லா கேட்டீங்க."

நீதிமன்றத்தில் அந்தப் புன்னகை எங்களுக்கு எதிராக எழுந்து நின்றது. ஒரு குறையும் இல்லையென்று இவரே சொல்லியிருக்கிறார் என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். எங்கள் வக்கீல் கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். அம்மா என்ன செய்தாள்? முடியாது என்று நிற்கவில்லை. நீதிபதி எசமான் முன்னால் சோம்பேறி என்று பேர் வாங்கக்கூடாதே என்று, வியர்க்க வியர்க்க, உதடு வெளுக்க, உள்ள பலத்தையெல்லாம் திரட்டித் தூக்கினாள். காதுவரை வந்து அங்கேயே நின்றுவிட்டது கை.

"நடிப்பு" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

நீதிபதி அம்மாவின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மொழிபெயர்ப்பவர் மூலம் கேட்டார்: இந்தக் கை மேலே போகாதென்றால், இந்தக் கொண்டை எப்படி வந்தது?

அம்மா தரையைப் பார்த்தாள். வழக்கே அந்தக் கொண்டையில் தொங்கியது, அவளோ வாயைத் திறக்கவில்லை. வீட்டில் பெண்பிள்ளை கிடையாது. லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெண்களிடம் தலையைக் கொடுக்க அவளுக்கு ரோஷம். ஒரே அறையில் கிடந்த எனக்குத் தெரியும். லயத்தில் வேறு யாருக்கும் தெரியக்கூடாது.

பின்வரிசையில் அப்பா எழுந்தார்.

"நான்தாங்க."

"நீங்கள் யார்?"

"வீட்டுக்காரனுங்க. அவளால முடியலீங்க எசமான். காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி நான்தான் கட்டிவிடுறது. கதவைச் சாத்திக்கிட்டுதாங்க."

சாட்சிக்கு வந்திருந்த கொழுந்துக்காரிகளில் ஒருத்தி முணுமுணுத்தாள்: "அதான பார்த்தேன், ஒரு பக்கமா சாஞ்சே கெடக்குதேன்னு." மண்டபமே சிரித்தது. மொழிபெயர்ப்பவர் அதையும் சொல்ல, நீதிபதி சத்தமில்லாமல் சிரித்தபடி குனிந்து எழுதினார். எதிர்த்தரப்பு வக்கீல் உட்கார்ந்தார்.

இன்னொரு விசாரணைத் தவணையில் தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. அம்மா மலையேற வேண்டியிருக்கவில்லை. ஆனால் சாட்சி சொன்ன அன்று பஸ்ஸில் அவள் அப்பாவோடு பேசவேயில்லை. நாங்கள் இறங்குவதற்குள் செய்தி லயம் முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது.

மறுநாள் விடிகாலை, சீப்பை எடுத்துக்கொண்டு அப்பா வழக்கம்போலக் கதவைச் சாத்தப் போனார்.

"இனி எதுக்குச் சாத்துறீங்க?" என்றாள் அம்மா. "தொறந்தே கெடக்கட்டும். வெளிச்சத்துலயாவது நேரா வருதான்னு பாப்போம்."