காப்புக் கட்டாத வருஷம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மனுக்குத் திருவிழா என்றால், காப்புக் கட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே லயத்து வீடுகள் முழுக்க மீன், கருவாடு, முட்டை எதுவும் அடுப்பேறாது. சட்டிகளைப் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வைப்போம். கொழுந்து பறித்துவிட்டு வரும்போது எந்த வாசலிலும் பருப்பு வாசம்தான் அடிக்கும். எனக்கு அந்த வாசமே பாதிக் கோவில்.

போன வருஷம் அந்த வாசம் எங்கள் குட்டிக்கு ஆகவில்லை.

குட்டி என்றால் நாய். வளர்ந்தும் முயல் அளவுதான். வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் தவிட்டு நிறம். வீட்டுக்காரர் வேன் ஓட்டிய காலத்தில் நானுஓயா ஸ்டேஷன் வாசலில் மழையில் நடுங்கிக் கிடந்ததை, சுவெட்டருக்குள் வைத்துக் கொண்டுவந்தார். மகள் கல்யாணமாகிப் போனபிறகு வீட்டில் மிஞ்சிய பிள்ளை அதுதான். வயதாகிப் பல் விழுந்து, கண்ணில் பால் படர்ந்த பிறகு அதற்கு எதுவும் பிடிக்காமல் போனது. நெத்தலிக் கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்து, தலையும் முள்ளும் நீக்கி, குழைந்த சோற்றோடு பிசைந்து, இளஞ்சூட்டில் என் உள்ளங்கையில் வைத்து நீட்ட வேண்டும். முதலில் கையை மோந்து பார்க்கும். சரி என்று பட்டால்தான் நக்கும். தட்டில் போட்டால் தட்டைச் சுற்றி வந்து படுத்துவிடும்.

"எனக்குக்கூட நீ இப்பிடி ஊட்டினதில்ல," என்பார் வீட்டுக்காரர்.

"ஒங்களுக்குத்தான் பல்லு இருக்கில்ல," என்பேன்.

விரதம் தொடங்கிய அன்று பருப்புச் சோறு நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பால்சோறு, பாலில் ஊறிய பிஸ்கட், அவித்த பூசணி, நெய் விட்ட கஞ்சி, எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் ஆசையாக எழுந்து வரும். மோந்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும். பிறகு தன் சாக்கில் போய்ச் சுருண்டுகொள்ளும். இரண்டு மூன்று நாளிலேயே தடவினால் முதுகெலும்பு கையில் தட்டியது.

ஹட்டன் டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மிருக டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "பெரிய நோய் ஒண்ணுமில்லைங்க, வயசுதான். ஆனா இவ்வளவு சின்ன ஒடம்புக்குப் பட்டினி தாங்காது. எத விரும்பி சாப்பிடுமோ அதையே குடுங்க."

பஸ்ஸில் திரும்பும்போது பால்குடத்தைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரர் நெஞ்சு வலி வந்து பிழைத்ததிலிருந்து, வருஷா வருஷம் அவர் பேரில் பால்குடம் எடுக்கிறேன். காப்பு இல்லாமல் குடம் எடுக்க முடியாது. காப்புக் கட்டிய கையால் கருவாட்டைத் தொட முடியாது.

ரோட்டோரக் கடை வைத்திருக்கும் சிங்கள அக்கா என்னைத் தங்கச்சி முறையில் 'நங்கி' என்றுதான் கூப்பிடுவார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நங்கி, நம்ம வூட்டுல செஞ்சி நானே குடுக்கிறது. ஒங்க சாமி கோவிக்கிறது இல்ல," என்றார். நான் சொன்ன பக்குவத்திலேயே பிசைந்து எடுத்துவந்து, வாசலில் குந்தி உள்ளங்கையை நீட்டினார். குட்டி அவர் கையை மோந்தது. பிறகு அவரைத் தாண்டி என்னிடம் வந்து, என் வெறுங்கைக்குள் மூக்கை விட்டுத் தேடியது.

"இது நாய் இல்ல, மாமியாரு!" என்று சிரித்தார் அக்கா. ஆனால் கை கழுவப் போனவர் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் கோவிலுக்குப் போய்ப் பூசாரியிடம் கேட்டேன்: "நேர்ந்த குடத்த ஒரு வருஷம் விட்டா ஏதாச்சும் ஆகுமாங்க?"

"யாருக்கு?"

"வீட்டுக்காரருக்கு."

பூசாரி விளக்குத் திரியைத் தூண்டிவிட்டுக்கொண்டே காரணத்தைக் கேட்டார். சொன்னேன். "காப்பக் கட்டிட்டு அவுக்கிறதுதான் தப்பு ஆத்தா. கட்டாம இருக்கிறது தப்புன்னு நான் கேள்விப்படல. வாயில்லாத சீவன் பட்டினி கெடக்க, நீ குடத்தத் தூக்கிக்கிட்டு நிம்மதியா நடந்திருவியா? அடுத்த வருஷம் எடு. அம்மா எங்க போயிறப் போறா?"

வீட்டுக்காரர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "எம் பேருல எடுக்கிற குடந்தானே? அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ போயி கருவாட்ட ஊற வையி."

வீட்டுக்குள் ஆக்கவில்லை. பின்பக்கம் மூன்று கல் வைத்து, பழைய பால்மா டின்னில் அவித்தேன். வாசம் மறையுமா? பொதுப் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனபோது அடுத்த வீட்டுக்காரி, "என்ன மதினி, இந்த வருஷம் சாமி ஒங்க வீட்டுக்கு நாலு கால்ல வந்திருச்சாமே?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குடத்தை வீட்டில் இறக்கி வைத்தபிறகுதான் அழுதேன்.

ஆனால் குட்டி சாப்பிட்டது. அரை உள்ளங்கைதான். நக்கி முடித்துவிட்டு விரல் இடுக்கெல்லாம் தேடும்.

பால்குடம் போன அன்று ரோட்டோரம் கூட்டத்தோடு நின்றேன். தலையில் பாரம் இல்லாதது ஏதோ அவமானம் போல இருந்தது. அன்று இரவெல்லாம் வீட்டுக்காரர் இருமும்போதெல்லாம் எனக்குத் திக்கென்றது. "தாயே, என் குத்தத்த அவர் மேல போட்டுறாத," என்று படுத்தபடியே கும்பிட்டேன்.

மஞ்சள் நீராட்டு முடிந்து காப்பு அவிழ்த்ததும் லயத்தில் வீட்டுக்கு வீடு கோழி கொதித்தது. அத்தனை வாசத்துக்கும் குட்டி தலை தூக்கவில்லை. ஓடிப்போய் நெத்தலிச் சோறு பிசைந்து நீட்டினேன். மோந்து பார்த்தது. சோற்றை விட்டுவிட்டு என் மணிக்கட்டை ஒரு தரம் நக்கியது. பொழுது சாயும்போது போய்விட்டது. வீட்டுக்காரர் கரட் பாத்திக்குப் பக்கத்தில் குழி வெட்டி, அந்தப் பழைய சுவெட்டரிலேயே சுற்றி வைத்தார்.

இந்த வருஷம் காப்புக் கட்டினேன். குடமும் எடுத்தேன். அம்மா புண்ணியத்தில் வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறார். விரதச் சோறு தின்று முடிக்கும்போது, கடைசிப் பிடியைக் கை தானாகவே குழையப் பிசைந்துவிடுகிறது. மஞ்சள் வாசம் மட்டும் அடிக்கிற சுத்தமான கை. மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட யாரும் இல்லை.