கீதா, லைட்டு கீதா?

என் முழங்கால் அன்று தானாக அசைந்ததா, நான்தான் அசைத்தேனா? எட்டாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், ஒரு மதியத்தில் எழுந்த இந்தக் கேள்விக்கு, ஒன்பது வயதுப் பையனுக்குத் தாயான பிறகும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்த வயரின் தொடுகை மட்டும் இன்னும் காலில் இருக்கிறது: வெயிலில் சூடேறி, உப்புக் காற்றில் லேசாகப் பிசுபிசுத்த ஒரு சாம்பல் நிற வயர், ஜன்னலிலிருந்து இறங்கி, நீளம் போதாததால் என் முழங்காலை உரசிக்கொண்டே மேசைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டருக்குப் போகும். துறைமுகத்திலிருந்து பறந்து வரும் கரித்தூள் அதன் மேல் படிந்திருக்கும் என்பதால், விளையாடி எழுந்தால் முட்டியில் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருக்கும். "இன்னாடி இது, காலுக்கு மை வெச்சிகினு வர்றே" என்பாள் அம்மா.

ராயபுரத்தில் எங்கள் வீடு லாரி ஒன்று உரசிக்கொண்டு நுழையும் குறுகலான சந்தின் முதல் மாடியில் இருந்தது. எதிர்ப்புறம், இருவரும் எட்டிக் கை நீட்டினால் இட்லித் தட்டை மாற்றிக்கொள்ளலாம் என்ற தூரத்தில், ஸ்டெல்லாவின் வீடு. என் அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அவள் அப்பாவுக்கு பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில். ஒரு கப்பல் ஆபீஸில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர் ஒன்றை அப்பா எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த அதே வருடம், பாலிடெக்னிக் படித்த ஸ்டெல்லாவின் அண்ணன் அந்தோணிக்காக அவர்கள் வீட்டிலும் ஒன்று வந்தது. இன்டர்நெட் இரண்டு வீட்டிலும் கிடையாது. ஒரு முனையில் கம்பிகளின் வரிசையை மாற்றிப் பொருத்திய ஒரே ஒரு வயரை, எங்கள் ஜன்னலிலிருந்து அவர்கள் ஜன்னலுக்கு, துணி காயும் கொடியை ஒட்டியே அந்தோணி அண்ணன் இழுத்துக் கட்டினார். அந்த ஒற்றை வயரில் நானும் ஸ்டெல்லாவும் கோட்டை கட்டிச் சண்டை போடும் ஒரு விளையாட்டை, பகல் சாப்பாட்டுக்கும் மாலைத் தண்ணீர் லாரிக்கும் இடைப்பட்ட நேரத்தில், அந்த விடுமுறை முழுக்க விளையாடினோம்.

விளையாடினோம் என்று எழுதிவிட்டேன். உண்மையில் பாதி நேரம் விளையாட்டை இணைப்பதில்தான் போயிற்று. அவள் இயந்திரம் என்னுடையதைப் பார்க்காது, பார்த்தாலும் சேர்த்துக்கொள்ளாது, சேர்த்துக்கொண்டாலும் பாதிக் கோட்டையில் அறுந்துபோகும். எங்கள் தொல்லை தாங்காமல் அந்தோணி அண்ணன் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் ஐந்து வரி எழுதி, இரண்டு வீட்டுச் சுவரிலும் ஒட்டினார். முதலில் வயர் செருகிய இடத்தில் பச்சை லைட் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்தது நம்பர்: இரண்டு கம்ப்யூட்டருக்கும் கடைசி எண் மட்டும் வேறாக இருக்க வேண்டும். ஒரு முறை நான் இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டதில், ஒரு மதியம் முழுக்க இரண்டும் ஊமையாக உட்கார்ந்திருந்தன. மூன்றாவது, வெளி இயந்திரத்தைத் தடுக்கும் ஃபயர்வாலை அணைப்பது, நான்காவது, இரண்டு பக்கமும் விளையாட்டின் பதிப்பு ஒன்றுதானா என்று பார்ப்பது, ஐந்தாவது எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முதலிலிருந்து வருவது.

முதல் வரியைச் சரிபார்க்க ஸ்டெல்லா ஜன்னலில் நின்று கத்துவாள்: "கீதா, லைட்டு கீதா?" எங்கள் பக்கத்தில் 'இருக்கிறதா' என்பதற்கு 'கீதா' என்றுதான் கேட்பார்கள். என் பெயரே கீதா என்பதால், அந்த ஒரு கேள்விக்காகச் சந்து முழுவதும் காத்திருந்தது என்றுகூடச் சொல்லலாம். கீழ்வீட்டு மீன்கார அக்கா கூடையை இறக்கும்போதே, "கீதா கீதா? கீதா இல்லன்னா லைட்டாச்சும் கீதா?" என்பாள். லைட் எரிந்தால் அடுத்தது 'பிங்'. கறுப்புத் திரையில் தட்டினால், எதிர்வீட்டு இயந்திரம் உயிரோடு இருந்தால் 'ரிப்ளை' என்று நான்கு வரி வரும். இல்லாவிட்டால் 'டைம் அவுட்'. இந்தச் சொற்கள் மெல்ல அடுப்படிக்கும் போய்விட்டன. "மூணு வாட்டி கூப்ட்டுட்டேன். நாலாவதும் டைம் அவுட்டு ஆச்சின்னா தட்ட கழுவி கவுத்துருவேன்" என்று அம்மா உள்ளிருந்து சொல்வாள். அடிக்கடி இணைப்புப் போகிறதே என்று நான் புலம்பினால் அப்பா, "கடல் காத்து கப்பலு இரும்பையே துன்னுது, உன் வயரு அதுக்கு மிக்சர் மாரி" என்பார். அவர் சொன்னது சரிதான். செருகும் முனையில் உள்ள செப்புத் தகடுகளில் பச்சையாகக் களிம்பு பிடிக்கும்; பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்துத் தேய்த்து எடுப்போம்.

தண்ணீர் லாரி இன்னொரு தொல்லை. அதன் மேல் நிற்கும் ஆளின் தலையில் வயர் மாட்டும் என்பதால், ஹாரன் கேட்டதும் நான் என் முனையைப் பிடுங்கி, தொய்வை மேலே இழுத்துக்கொள்வேன். அப்படி ஒரு நாள் அவசரமாகப் பிடுங்கியதில், செருகியை இடத்தில் கவ்விப் பிடிக்கும் சின்ன பிளாஸ்டிக் கிளிப் உடைந்துவிட்டது. அந்தோணி அண்ணனிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே புதுத் தலை போட்டிருப்பார். திட்டுவாரோ என்று பயந்து, ஒரு பஸ் டிக்கெட்டை மடித்து இடுக்கில் சொருகி வைத்துக்கொண்டேன். சின்ன விஷயத்தைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு அதையே பத்து நாள் நினைத்துக்கொண்டிருக்கும் பழக்கம் எனக்கு அப்போதே இருந்திருக்கிறது.

ஸ்டெல்லா என்னை ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. நான் முதலில் மதிலைக் கட்டுவேன். அவள் தோட்டம் போடுவாள், ஆடு வளர்ப்பாள், அதற்குள் நான் போய் இடித்துவிடுவேன். அந்த மதியம் அவள் வேறு மாதிரி ஆடினாள். நான் மதில் வைக்காத கடல் பக்கமாகக் கப்பல்களை அனுப்பிவிட்டாள். என்னிடம் ஒரே ஒரு கோபுரம் மிச்சம். எதிர் ஜன்னலில் அவள் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றே ஆடுவது தெரிந்தது. "மாட்னியா, மாட்னியா" என்று பாடிக்கொண்டிருந்தாள். என் கால் ஆடிக்கொண்டிருந்தது. பதற்றத்தில் எனக்கு எப்போதும் கால் ஆடும், இதோ இப்போது எழுதும்போதும் ஆடுகிறது. வயர் முட்டியில் உரசியதும், அதில் ஒரு இழுப்பு இருந்ததும் நினைவிருக்கிறது. திரை அப்படியே உறைந்து நின்றது. ஓரத்தில் சிவப்புப் பெருக்கல் குறி வந்தது.

"ஏய், இன்னாடி ஆச்சி?"

"தெர்ல. கட்டாயிட்ச்சி."

"லைட்டு கீதா?" என்றாள். முதல் தடவையாக என் பெயரை முன்னால் சேர்க்கவில்லை.

"இல்ல. உன்க்கு?"

"இங்கயும் இல்ல. புடுங்கிட்டியா?"

"நானா? உங்க பக்கம் போயிருக்கும்."

"தோக்குற நேரத்துல கரீட்டா போவுமா? போங்காட்டம் ஆடாதடி."

ஒரே வயரால் நேராகக் கட்டிய இரண்டு கம்ப்யூட்டர்களில் இது ஒரு விசேஷம்: எந்த முனை கழன்றாலும் இரண்டு பக்கமும் லைட் அணைந்து ஒரே செய்திதான் வரும், யார் பக்கம் போயிற்று என்று எந்த இயந்திரமும் சொல்லாது. அது எனக்குத் தெரியும். குனிந்து பார்த்தேன். பஸ் டிக்கெட் தரையில் கிடந்தது. செருகி பாதி வெளியே தொங்கியது. ஸ்டெல்லாவின் கூச்சலைக் கேட்டு அந்தோணி அண்ணன் எங்கள் வீட்டுப் படி ஏறும் சத்தம் கேட்டது. யோசிக்கவே இல்லை; செருகியை உள்ளே தள்ளிவிட்டேன். இதில் மட்டும் எனக்குச் சந்தேகமே கிடையாது. தள்ளியது என் கைதான்.

எதிர் ஜன்னலிலிருந்து ஸ்டெல்லா, "வந்துட்ச்சி, லைட்டு வந்துட்ச்சி" என்று கத்தவும் அந்தோணி அண்ணன் அறைக்குள் நுழையவும் சரியாக இருந்தது.

"நீ எதுனா தொட்டியா கீதா?"

"இல்லண்ணா. நான் ஒண்ணும் தொடல."

அவர் பிங் அடித்தார், வரிசையாக ரிப்ளை. நம்பரைப் பார்த்தார், ஃபயர்வாலைப் பார்த்தார். கடைசியில் குனிந்து, செருகியை உருவி, உடைந்த கிளிப்பை வெளிச்சத்தில் காட்டிச் சிரித்தார். ஜன்னல் வழியே தங்கையிடம், "கிளிப்பு ஒட்ஞ்சிகீது, தானா வுழுந்திருக்கும், வுடு. இன்னொரு ஆட்டம் ஆடு" என்றார். தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஸ்டெல்லா விடவில்லை.

"தானா வுழுந்துதுண்ணா, சரி. தானா ஏறி குந்திகிச்சா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கறுப்புத் திரையைப் பார்த்தேன்.

மறுநாளே வயருக்குப் புதுத் தலை வந்தது. லைட் எரிந்தது, பிங் போயிற்று, ரிப்ளை வந்தது. ஸ்டெல்லா மட்டும் வரவில்லை. நான்கு நாள் கழித்து, கொடியிலிருந்து எங்கள் பக்கம் விழுந்த அவர்கள் வீட்டுத் துண்டு ஒன்றைக் கொடுக்கும் சாக்கில் போனேன். அவள் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சுவரில் அந்தோணி அண்ணனின் ஐந்து வரிக்குக் கீழே, அவளுடைய சாய்ந்த எழுத்தில் ஒரு வரி கூடியிருந்தது. '6. கை.' நான் படித்ததை அவள் பார்த்தாள். துண்டை வாங்கி மடித்து வைத்தாள். "ஒரு வயரு போனதுக்கா ரெண்டு பேரும் மூஞ்ச திருப்பிகினு கீறீங்க" என்று இரண்டு வீட்டு அம்மாக்களும் சொல்லிப் பார்த்தார்கள். ஆடி மாதம் அம்மன் ஊர்வலம் வந்தபோது சாமிக்கு வழிவிட வயரை அவிழ்த்தார்கள். பிறகு யாரும் கட்டவில்லை. அடுத்த வருடம் அவர்கள் பெரம்பூருக்குக் குடிபோய்விட்டார்கள்.

இப்போது நான் திருவொற்றியூரில், ஆறாவது மாடியில், ஜன்னலைத் திறந்தால் எதிரே யாருடைய ஜன்னலும் இல்லாத ஒரு வீட்டில் இருக்கிறேன். போன மாதம் என் மகன் கவினை அவனுடைய மூன்று நண்பர்களும் விளையாட்டுக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். தோற்கும் நேரம் பார்த்து இவன் ஆஃப்லைன் போய்விடுகிறானாம். அதே மூன்று பேர்தான் பள்ளி வேனிலும் வருகிறார்கள். இவன் இப்போது டிரைவருக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து போகிறான். "நெட்டு சரி பண்ணும்மா, அவங்க நம்ப மாட்றாங்க" என்றான். நான் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, அந்தோணி அண்ணனைப் போலவே ஐந்து வரி எழுதினேன். ரவுட்டரை ஹாலுக்கு நடுவில் மாற்றினேன். சிக்னல் குறையும் என்று, லிஃப்ட்டை ஒட்டிய அறையில் விளையாட வேண்டாம் என்றேன். பழைய லேப்டாப்பில் பிங்கை ஓடவிட்டு, மாலை நேரங்களில் பக்கத்திலேயே இருந்தேன். குழுவில் இல்லாததால் முகம் தெரியாதவர்களோடு ஆடினான். இரண்டு நாள் ஒரு குறையும் இல்லை. இரண்டு நாளும் அவன் ஜெயித்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் தோற்கும் கட்டத்தில் அவனுடைய டேப்லெட்டில் இணைப்புப் போயிற்று. என் லேப்டாப்பில் ரிப்ளை நிற்காமல் வந்துகொண்டிருந்தது; வீட்டு நெட் போகவில்லை.

"எதுனா தொட்டியா?" என்று கேட்டுவிட்டேன். அந்தோணி அண்ணனின் குரலே என் வாயிலிருந்து வந்தது.

"இல்லம்மா. நான் ஒண்ணும் தொடல."

பழைய டேப்லெட், வைஃபை தானாக விட்டுவிடும் என்று மனசு சொல்கிறது. அப்படியானால் முதல் இரண்டு நாள் ஏன் விடவில்லை என்று அதே மனசு கேட்கிறது. "ஒரு கேமுக்கு இவ்ளோ ஆராய்ச்சியா" என்று மணலிக்கு ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும்போது கணவர் சிரிக்கிறார். நான் சரிபார்ப்பது நெட்வொர்க்கையா, மகனையா என்று எனக்கே தெரியவில்லை. கவினுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நேற்று என் நோட்டைப் புரட்டியவன், ஐந்து வரிக்குக் கீழே '6' என்று மட்டும் போட்டு நான் வெறுமையாக விட்டிருந்ததைக் காட்டி, "ஆறாவது என்னம்மா?" என்றான். "இன்னும் எழுதல" என்றேன். டேப்லெட்டை என் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போனான்; இன்று காலைவரை அதைத் தொடவில்லை.

சென்ற வாரம் ராயபுரம் சந்துக்குப் போயிருந்தேன். துறைமுகத்தில் கரி இறக்குவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள், கொடியில் துணிகள் வெள்ளையாகவே காய்கின்றன. ஸ்டெல்லா வீடு இருந்த இடத்தில் மூன்று மாடி. ஜன்னல்களில் கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் ஏசி. எந்த ஜன்னலிலிருந்தும் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஸ்டெல்லாவின் எண் பள்ளித் தோழிகள் குழுவில் இருக்கிறது. நான் பிடுங்கினேன் என்று எழுதினால் அது பொய்யாக இருக்கலாம். பிடுங்கவில்லை என்றாலும் பொய்யாக இருக்கலாம். திரும்பச் செருகியது நான்தான் என்ற ஒரு வரியை மட்டும் தட்டி, அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள். மூன்றரைக்கு வேன் வந்துவிடும். உன்னை நம்புகிறேன் என்று முதலில் சொல்லவா? அது முழு உண்மை இல்லையென்று என் முகத்திலேயே அவன் கண்டுபிடித்துவிட மாட்டானா? அல்லது என் முழங்காலையும், பஸ் டிக்கெட்டையும், தள்ளிய கையையும் பற்றி முதலில் சொல்லவா? சொன்னால், அம்மாவே செய்திருக்கிறாள் என்று துணிந்துவிடுவானா, இல்லை என்னிடம் மட்டுமாவது ஒன்றைச் சொல்வானா? நோட்டு மேசையில் திறந்தபடி இருக்கிறது. ஆறாம் எண்ணுக்கு எதிரே நான் என்ன எழுதட்டும்?