அத்தை உடைத்த ரேகை மெஷின்

என் அத்தைக்கு ஊர் வைத்த பேர் கோடாலி. கல்யாணமாகி இரண்டாவது மாதம் கை நீட்டிய புருஷனின் தோள்பட்டையைக் கோடாலியின் பின்பக்கத்தால் உடைத்தவள். அவன் போன இடம் தெரியவில்லை. அத்தை தாய்வீட்டு நிலத்துக்குத் திரும்பினாள். பதினெட்டு வருடமாக உழுவதும் விதைப்பதும் அவள்தான். பத்திரத்தில் மட்டும் பெரியப்பா பேர்.

பெரியப்பாவுக்கு டவுனில் இரும்புக்கடை. மானிய விதை வந்தால் அவருக்கு, உரம் வந்தால் அவருக்கு. மூன்று வருடத்துக்கு முன்னால் வந்த மானிய பம்ப் இன்றைக்கும் அவர் வீட்டு ரோஜாத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறது. எனக்கு வாயில் நல்ல வார்த்தை வரவில்லை, விடுங்கள்.

இந்த வருடம் அத்தையின் பழைய பம்ப் கருகிப்போனது. சோளம் கதிர் விடும் நேரம். ஒரு வாரத்தில் தண்ணீர் பாயாவிட்டால் பயிர் போச்சு. அப்போதுதான் புது உத்தரவு வந்தது. உழுகிறவருக்கே பம்ப். இரண்டு பக்கத்து வயல்காரர்கள் சாட்சி சொல்ல வேண்டும், கைரேகையும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் பத்திரக்காரருக்கு.

அதிகாரி வருகிற நாளில் பெரியப்பா விடிந்ததும் வந்துவிட்டார். செருப்பைக் கழற்றி வாய்க்காலில் இறங்கி, முழங்கால்வரை சேறு பூசிக்கொண்டார். அதிகாரி போகும்வரை அத்தையைக் குடிசைக்குள் இருக்கச் சொன்னார். அத்தை அசையவில்லை.

"பதினெட்டு வருஷத்துல இன்னைக்குத்தான் உங்க கால்ல சேறு பாக்கறேன் அண்ணே."

அறைந்தார். அத்தை அவர் கழுத்தைப் பிடித்து வாய்க்காலில் அமுக்கினாள். மூச்சு முட்டிக் கையால் துழாவியவருக்கு மண்வெட்டி அகப்பட்டது. அதன் முதுகால் அவள் வலது கையில் ஓங்கிப் போட்டார். எலும்பு முறிந்த சத்தம் வரப்பில் நின்ற எனக்குக் கேட்டது. அத்தை இடது கையால் ஒரு கல்லை எடுத்து அவர் வாயில் குத்தினாள். இரண்டு பல் போனது. பக்கத்து வயல்காரர்கள் இருவரும் ஓடி வந்து பிரித்தார்கள்.

அதிகாரி வந்தபோது ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டும், ஒருத்தி கையைத் தாங்கிக்கொண்டும் நின்றார்கள். சாட்சிகள் இரண்டு பேரும் அத்தையைத்தான் காட்டினார்கள். அதிகாரி பைக் சீட்டில் மெஷினை வைத்து ரேகை கேட்டார்.

வலது கை பூசணியாய் வீங்கியிருந்தது. இடது கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. துடைத்து வைத்தாள். சிவப்பு. மண்வெட்டிப் பிடியும் உரமும் தின்ற விரலில் ரேகை எங்கே இருக்கும்? நான்கு தடவையும் சிவப்புதான்.

"மெஷின் வாங்கலைன்னா நான் என்னம்மா பண்றது?" என்றார் அதிகாரி. நல்ல மனுஷன்தான், ஆனால் மெஷின் பேச்சைத் தட்டாத மனுஷன்.

பெரியப்பா ரத்தத்தைத் துப்பிவிட்டு விரலை வைத்தார். முதல் தடவையே பச்சை.

அத்தை இடது கையால் மண்வெட்டியை எடுத்தாள். பெரியப்பா தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரே போடு, மெஷின் இரண்டாகப் பிளந்தது. அடுத்த போடு பைக் டேங்கில். மூன்றாவதற்குள் ஆட்கள் பிடித்துவிட்டார்கள். உடைத்து என்ன பயன்? பம்ப் அதற்குள் பெரியப்பா பேரில் ஏறிவிட்டது.

மத்தியானம் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தோம். அரசாங்கச் சொத்தை உடைத்த வழக்கு. ஏட்டு பேர் கேட்டு எழுதினார், வயது கேட்டு எழுதினார். தொழில் என்ன என்றார்.

"விவசாயம்."

எழுதிக்கொண்டார். அத்தை நிமிர்ந்தாள்.

"அதுக்குப் பத்திரம் வேண்டாமா? சாட்சி, ரேகை, எதுவும்?"

"இதுக்கு எதுக்கும்மா அதெல்லாம்? நீ சொன்னா போதும்."

அத்தை முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தாளையே பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"அந்த ஒரு வரியை மட்டும் வாசிங்க சார்" என்றாள்.

ஏட்டு வாசித்தார்.