ஆறு அம்பியரில் ஒரு மத்தியானம்

மின்கம்பப் பெட்டியின் மூடியில் வெளிறிப்போன ஒரு ஸ்டிக்கர்: 6 A. விடுமுறை வண்டிகள் நிறுத்தித் தங்கும் முகாமுக்குள் நுழைந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

போன ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை 7.10க்கு, ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனிலிருந்து புறப்பட்டோம். அப்பா, அம்மா, நான். அப்பாவின் நண்பரிடம் இரவல் வாங்கிய பழைய வோன்மொபீல், அதாவது படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டி. ஹனோவருக்குப் பக்கத்திலுள்ள ஏரிக்கரை முகாம்வரை 220 கிலோமீட்டர். ஓரிரவுக்கு 29 யூரோ, மின்சாரமும் சேர்த்து.

ஏரி பார்க்கப் போகவில்லை. அக்கா ஹனோவரில் இருக்கிறாள். கல்யாண விஷயத்தில் மனவருத்தமாகி, அவளும் அப்பாவும் இரண்டு வருடமாகப் பேசவில்லை. அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன். வெளியே ஓரிடம் என்றால் பிள்ளையோடு வருவதாக எனக்கு எழுதியிருந்தாள். மூன்று மாதப் பிள்ளை. அவள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அதன் விரல்களைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். ‘குளிரெண்டால் நிக்க மாட்டன்’ என்றும் எழுதியிருந்தாள்.

வண்டியின் காஸ் ஹீற்றர் பழுது. மின் ஹீற்றர் 1000 வொற். ஆறு அம்பியர் என்றால் மொத்தமே 1380 வொற்தான். ஆகவே வயர்ச் சுருளை முழுதாக விரித்து (சுற்றியபடி விட்டால் சூடேறும்), முதலில் வண்டியிலும் பிறகு கம்பத்திலும் செருகினேன். குளிர்பெட்டியை காஸுக்கு மாற்றினேன். பன்னிரண்டுக்குள் சோறு ஆக்கி, றைஸ் குக்கரைக் கழற்றிவிட்டுத்தான் ஹீற்றரைப் போட்டேன்.

அக்கா 1.20க்குப் பிள்ளையோடு காரில் வந்தாள். “நல்ல சூடாத்தான் இருக்கு” என்று பிள்ளையின் தொப்பியைக் கழற்றினாள்.

அம்மா பிள்ளையை வாங்கி, அப்பாவைப் பார்த்தார். “இது ஆரின்ர மூக்கெண்டு நான் சொல்லத் தேவையில்லை.”

அப்பா யன்னலைப் பார்த்தார். பிறகு எழுந்து, “தேத்தண்ணி குடிக்கிறியே?” என்றார். இரண்டு வருடத்தில் அவளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி.

“ஓம்.”

சந்தோஷத்தில் நான் அவர் கையைக் கவனிக்கவில்லை. மின் கேத்திலைச் செருகிவிட்டார். அது 2000 வொற். டக்கென்று எல்லாம் நின்றது.

“காஸ் அடுப்பு இருக்குத்தானேயப்பா?” என்றார் அம்மா.

“கெதியாக் கொதிக்கட்டுமெண்டு...” என்றார் அப்பா.

விழுந்த விசை கம்பத்தின் பெட்டிக்குள்; பெட்டி பூட்டியிருந்தது. முகாம் அலுவலகத்தில் மூன்று மணிவரை மதிய ஓய்வு. பத்து நிமிடத்தில் குளிர் ஏறியது. அக்கா தொப்பியைத் திரும்பப் போட்டாள். “காருக்க இருக்கிறம். பிறகு பாப்பம்.”

பத்தாம் வகுப்போடு நான் பள்ளியை விட்டதே ஆட்கள் முன்னால் பேச ஏலாததால்தான். என்றாலும் கேத்திலைக் கழற்றிவிட்டு, முகாம் பொறுப்பாளரின் வீட்டு மணியை இரண்டு தரம் அடித்தேன். கையில் முள்ளுக்கரண்டியோடு வந்தார். “தண்ணி கொதிக்க வைச்சீங்களா?” என்று ஜெர்மனில் கேட்டார். தலையாட்டினேன். வந்து பெட்டியைத் திறந்து விசையைத் தூக்கிவிட்டார்.

நீங்கள் போவதானால், பதிவு செய்யும்போதே எத்தனை அம்பியர் என்று கேளுங்கள். தண்ணீரை காஸில் கொதிக்க வையுங்கள். மின்சாரம் நின்றால், அதை நிறுத்திய சாமானைக் கழற்றாமல் விசையைத் தொடாதீர்கள். இதையெல்லாம் வண்டியில் இருக்கும் எல்லோருக்கும் சொல்லுங்கள். நான் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

காரின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா பெல்ட் போட்டிருந்தாள். அப்பா இரண்டு மீற்றர் தள்ளி, ஜாக்கெட் இல்லாமல் நின்றார்.

“கரண்ட் வந்திட்டுது அக்கா.”

அவள் அப்பாவைப் பார்த்தாள். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

நான் பின்கதவைத் திறந்து, பிள்ளையோடு அதன் இருக்கையைக் கழற்றித் தூக்கி, வண்டிப் பக்கம் நடந்தேன்.